கோகிலவாணி செய்த ஜன்னல்

திருப்பூரில் மங்கலம் ரோட்டைவிட்டு இறங்கி, சாயத்தண்ணீர் ஓடும் வாய்க்காலைத் தாண்டி, கோழிக்கடையை ஒட்டித் திரும்பினால் வருகிற ராக்கியப்பன் லைனில், ஏழாம் நம்பர் வீட்டின் பின்சுவரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஊர் பல் விளக்கி முடிப்பதற்குள் ஒரு ஜன்னல் வந்து உட்கார்ந்திருந்தது. அது கோகிலவாணி செய்த ஜன்னல். ஏழு மாதம் பாடுபட்டுச் செய்தது. செய்த இடம் கம்ப்யூட்டருக்குள் இருக்கிற ஓர் ஊர், வந்து சேர்ந்த இடம் பத்துக்குப் பத்து வாடகை வீடு, அவ்வளவுதான் வித்தியாசம். லைனில் யாரும் அதற்காக மார்பில் அடித்துக்கொள்ளவில்லை. எட்டு நாளைக்கு ஒரு தரம் தண்ணீர் வருகிற இடத்தில் எது வந்தாலும் வந்தபோது பிடித்துக்கொள்வதுதான் வழக்கம். எட்டிப் பார்த்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி.

"ஓனர்கிட்டச் சொல்லிப்போட்டியா?"

சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. ஓனர் ராக்கியப்பன் ஒன்பது மணிக்கெல்லாம் மொபெட்டில் வந்து இறங்கிவிட்டார்.

"ஏனம்மணி, செவுத்துல ஆணி அடிக்கப்படாதுன்னு வீடு விடும்போதே சொன்னனா இல்லியா?"

"ஆணி எதும் அடிக்கலீங்க. அதுவா வந்துதுங்க."

அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சட்டத்தைச் சுற்றி நாலு பக்கமும் தடவிப் பார்த்தார். ஆணி இல்லை, ஆணி அடித்த பொத்தல் இல்லை, சுண்ணாம்புகூட உதிர்ந்திருக்கவில்லை. நியாயத்துக்குக் கட்டுப்பட்ட மனிதர், குற்றம் சொல்ல ஒன்றும் கிடைக்காமல் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"செரி. காலி பண்ணும்போது செவுரு பழையபடி இருக்கோணும், ஆமா," என்றார். சொல்லிவிட்டு, சட்டையில் மேல் இரண்டு பொத்தானைக் கழற்றிக்கொண்டு கால்மணி நேரம் அந்த ஜன்னலோரமே நின்றார். காற்று அப்படி வந்தது.

ராக்கியப்பன் லைன் என்பது முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு வரிசை, இருபத்திரண்டு வீடு. ஏழாம் நம்பரின் பின்சுவர்தான் பதினாறாம் நம்பரின் பின்சுவரும். அந்தப் பதினாறில் இருக்கிற நூர்ஜஹான் வந்து பார்த்துவிட்டு, தன் வீட்டுக்கு ஓடிப்போய்த் தட்டு அடுக்கியிருந்த சுவரைத் தட்டிப் பார்த்தாள். வெறும் சுவர். திரும்பி ஓடிவந்து இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள். பச்சையாக ஒரு மலை, அதன் காலடியில் தகதகவென்று ஒரு ஏரி, ஏரிக்கரையில் காற்றுக்குச் சாய்ந்துகொண்டிருக்கும் புல்.

"எக்கா, என் தட்டெல்லாம் எங்கக்கா?" என்றாள் அவள். இரண்டு பேரும் சிரித்தார்கள், அதோடு அந்தச் சந்தேகம் முடிந்துபோனது.

கோகிலவாணிக்கு ஜன்னல் என்றால் என்ன என்று தெரிந்துகொண்டால்தான் மேலே சொல்ல முடியும். பதினாலு வருஷமாக அவள் பனியன் கம்பெனியில் செக்கிங். டியூப்லைட்டுக்குக் கீழே நின்றுகொண்டு, வருகிற ஒவ்வொரு பீஸையும் விரித்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே துணியை உருட்டிப் பார்த்து, எங்கே தையல் விட்டிருக்கிறதோ அங்கே அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி அடுத்ததை எடுக்க வேண்டும். தூசி வரும் என்று அங்கே ஜன்னலையெல்லாம் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். வெளியே மழை பெய்திருக்கிறது என்பதைப் பதினாலு வருஷமாக அவள் அடுத்தவர் குடையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். வீட்டுக்கு வந்தால் மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் கதவு. எந்நேரமும் எரிந்து விழுகிறாள் என்று அவளைப் பற்றி லைனில் பேச்சு உண்டு. எரிந்து விழாமல் என்ன செய்வாள், காற்றே இல்லாத இடத்தில் மனுஷி எத்தனை நாள் பொறுமையாக இருப்பாள்?

பஸ் படியில் வழுக்கிக் கால் உடைந்து மூன்று மாதம் படுத்திருந்தபோது அந்த ஊர் அவளுக்குப் பழக்கமானது. நாத்தனார் மகன் துபாய் போகும்போது கம்ப்யூட்டரையும், அதில் சந்தா கட்டியிருந்த ஒரு ஆட்டத்தையும் விட்டுவிட்டுப் போனான். ஆட்டத்துக்கு இங்கிலீஷில் நீளமாக ஒரு பெயர். வாயில் நுழையாததால் லைனில் அதற்கு "அந்த ஊர்" என்றே பெயராகிவிட்டது. சண்டை போடுகிறவர்கள் அங்கே சண்டை போட்டார்கள், டிராகனைத் துரத்துகிறவர்கள் துரத்தினார்கள். கோகிலவாணி ஒரு வீடு கட்டிக்கொண்டாள். கால் சரியான பிறகும் மாசாமாசம் சந்தாவைத் தானே கட்டி, தினம் வேலைவிட்டு வந்ததும் ஒரு மணி நேரம் அந்த வீட்டில் போய் இருந்தாள். மரம் வெட்டினாள், கல் உடைத்தாள், நாற்காலி செய்தாள், உறி செய்தாள், தொட்டில்கூடச் செய்து காலியாக ஆட்டிவிட்டுப் பார்த்தாள்.

அவளுக்குக் கோபம் வந்ததெல்லாம் திரையின் மூலையில் மினுக்கிக்கொண்டே இருந்த அந்தக் கடையைப் பார்த்துத்தான். வாரா வாரம் கடையில் புதிதாக ஏதாவது வந்தது. மயில் போட்ட விளக்கு, பளிங்குக் குளம், தானாகப் பாடும் கூண்டுப் பறவை. எல்லாவற்றுக்கும் தனிக்காசு. அழுத்தினால் அடுத்த நொடி வீட்டில் இருக்கும். கையால் செய்கிறவர்களுக்கு அந்த வருஷம் முழுக்கப் புதிதாகச் சொல்லித்தந்தது ஒரே ஒரு முக்காலி.

"மாசாமாசம் சந்தாவும் வாங்கிக்கறது, நல்லதையெல்லாம் எடுத்துத் தனியாக் கடையும் போடறது. சாப்பாட்டுக்குக் காசு வாங்கிட்டு, கொழம்புக்குத் தனியாக் கேக்கற மெஸ் எங்காச்சும் உண்டா?" என்று அவள் தன் வீட்டுக்காரர் தனசேகரிடம் கேட்டாள். தனசேகர் அதே பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர், நாள் முழுக்க ஆவியில் நின்றுவிட்டு வருகிறவர், வாதத்துக்கு வருகிற ஆள் இல்லை. "உண்டு இல்லேன்னு நாம சொல்லி என்னாவப் போகுது," என்று துண்டை உதறிப் போட்டுப் படுத்துக்கொண்டார்.

கையால் செய்கிற பட்டியலில், அடியோ அடியில், யாரும் எட்டிப் பார்க்காத பழைய பொருளாக ஒரு ஜன்னல் இருந்தது. மலைச்சரிவில் மட்டும் கிடைக்கிற மரத்தில் முப்பது பலகை, ஆற்று மணலில் அரித்த இரும்பு, மழை பெய்யும்போது மட்டும் கசிகிற ஒரு பிசின். அந்த ஊரில் மழை அவ்வளவு சுலபத்தில் பெய்யாது. கோகிலவாணி காத்திருந்தாள். செய்து முடித்த ஜன்னலை உருட்டி உருட்டிப் பார்த்தாள், கீல் பக்கம் ஒரு நூல் சாய்ந்திருந்தது, பிரித்துப் போட்டாள். மறுபடி செய்தாள், பிரித்தாள். நாலாவது தடவை செய்த ஜன்னலில் குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் அதை அந்த வீட்டுச் சுவரில் மாட்டினாள், ஞாயிற்றுக்கிழமை காலை அது இந்த வீட்டுச் சுவரில் இருந்தது. ஏன் வந்தது, எப்படி வந்தது என்று காரணம் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லலாம், லைனில் யாரும் அதைக் கேட்டு நேரத்தைப் போக்கவில்லை.

அவர்களுக்கு வேறு கவலை இருந்தது. ஒரு ஜன்னலுக்கு இருபத்திரண்டு வீட்டு ஜனம். முதல் வாரத்திலேயே சண்டை வந்து, தண்ணீருக்கு வைக்கிற முறையையே காற்றுக்கும் வைப்பது என்று முடிவாயிற்று. தண்ணீர் வண்டி வருவதற்கு முன்னால் குடத்தை வரிசையில் வைத்து இடம் பிடிக்கிற மாதிரியே, ஏழாம் நம்பர் வாசலில் குடத்தை வைத்துவிட்டுப் போனார்கள். குடத்துக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை, ஆனாலும் குடம் இல்லாமல் வரிசை வரிசையாகத் தெரியாது என்று ஊர் முழுக்க நம்பியது. முறை வந்தவர்கள் உள்ளே வந்து கால்மணி நேரம் ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள். தலைக்குக் குளித்தவர்கள் முடியை அந்தப் பக்கம் தொங்கவிட்டு உலர்த்தினார்கள். பிள்ளைபெற்ற பெண் பிள்ளையோடு வந்து உட்கார்ந்தாள், அவளுக்கு மட்டும் அரைமணி நேரம். பேசிப் பேசியே கழுத்தறுக்கிற மூன்றாம் நம்பர்க்காரர் அங்கே உட்கார்ந்தால் பேசமாட்டார் என்பதை ஊரே வந்து வேடிக்கை பார்த்தது.

பிறகு ஒவ்வொருவராக அந்த ஊரில் சேர்ந்து கோகிலவாணியிடம் வேலை கற்றுக்கொண்டார்கள். அவள் கண்டிப்பான ஆள், ஒரு நூல் சாய்ந்தாலும் ஸ்டிக்கர் ஒட்டாத குறையாகத் திருப்பி அனுப்பினாள். நாலு மாதத்தில் நூர்ஜஹான் தன் ஜன்னலை முடித்துவிட்டாள். அதுவும் அதே சுவரில், கோகிலவாணியின் ஜன்னலுக்கு நேர் முதுகில் வந்து உட்கார்ந்தது. நாலரை அங்குலச் சுவர், இந்தப் பக்கம் பார்த்தால் மலையும் ஏரியும், அந்தப் பக்கம் பார்த்தால் பனை நிற்கிற மணல்வெளி. அந்த வருஷம் லைனில் ஒன்பது ஜன்னல் ஆயிற்று. வாசலில் குடம் வைப்பது நின்றுபோனது.

எதிரே ஆறு மாடி அபார்ட்மெண்டில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார்களா? அவர்களும் அந்த ஊரில் சேர்ந்தார்கள். ஏழு மாதம் மரம் வெட்ட அவர்களுக்கு ஏது நேரம், கடையில் ஜன்னலும் விற்பனைக்கு வந்திருந்தது, அழுத்தி வாங்கினார்கள். வளைவு வைத்தது, தங்கப்பூண் போட்டது, கண்ணாடியில் பூ வரைந்தது. வாங்கிய மறுநாளே அதுவும் சுவரில் வந்து உட்கார்ந்தது. வெளியே எந்நேரமும் சூரியன் மறைந்துகொண்டே இருந்தது. காலை ஏழு மணிக்கும் அதே செக்கச்சிவந்த மாலை, ஏழு மணி நேரம் பார்த்தாலும் மறைந்து முடியாத சூரியன். திரைச்சீலை ஆடியது, காற்று மட்டும் இல்லை. ஒரு பொட்டுக் காற்று இல்லை. நாலாம் மாடி சுமித்ரா மேடம் இறங்கி வந்து கோகிலவாணியின் ஜன்னலில் முகத்தை நீட்டிப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

"இதை எங்க வாங்கினீங்க?"

"வாங்கலீங்க. பண்ணுனது."

வாங்கியவர்கள் எல்லோரும் கூடி, அந்த ஊரை நடத்துகிற கம்பெனிக்கு எழுதினார்கள். காசு கொடுத்தவனுக்குக் காற்று இல்லை, கொடுக்காதவனுக்கு இருக்கிறது, இது என்ன நியாயம் என்று கேட்டார்கள். எங்கோ இருக்கிற அந்தக் கம்பெனிக்கு நியாயத்தின் மேல் அப்போதுதான் அக்கறை வந்தது. வாங்கிய ஜன்னலுக்குக் காற்று வரவழைக்க அவர்களுக்குத் தெரியவில்லை, ஆகையால் செய்த ஜன்னலில் கைவைத்தார்கள். ஒன்பது வீட்டுத் திரையிலும் ஒரே நாளில் கடிதம் வந்தது. "மதிப்பிற்குரிய பயணி அவர்களே, தங்கள் மகிழ்ச்சியே எங்கள் மகிழ்ச்சி. வரும் முதல் தேதி காலை பத்து மணி முதல், கையால் செய்யப்பட்ட ஜன்னல்களுக்கு வெளியே உள்ள வெளி, கடையில் கிடைக்கும்."

விளக்கம் சொல்லக் கம்பெனியிலிருந்து நிரஞ்சன் என்று ஒரு பையன்—பையன் என்ன, முப்பது வயதிருக்கும், கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு—வீட்டுக்கே வந்தான். காபி கொடுத்தார்கள். குடித்தான். நல்ல மாதிரியாகத்தான் பேசினான்.

"மேடம், ஜன்னல் உங்களோடதுதான். அதுல யாரும் கை வைக்கல. வெளிய தெரியுது பாருங்க, மலை, ஏரி, வானம், அது எங்களோடது. அதுக்கு மட்டும் தனியாக் கட்டினா போதும்."

"மாசாமாசம் கட்டறது எதுக்குங்க?"

"அது உள்ள வர்றதுக்கு மேடம்."

"உள்ள வர்றதுக்கு ஒண்ணு, வெளிய பாக்கறதுக்கு ஒண்ணா?" கோகிலவாணிக்கு மூக்கு விடைத்தது. "செரி தம்பி, மலை உங்களது. ஏரி உங்களது. காத்தும் உங்களதுன்னா, கடையில வித்தீங்களே, அந்த ஜன்னல்ல அதை ஏன் வைக்கல?"

நிரஞ்சன் சட்டைப் பையில் இருந்த பேனாவை எடுத்துத் திரும்பச் செருகினான். "நான் மேலிடத்துல கேட்டுச் சொல்றேன் மேடம்," என்று எழுந்து போனான். போகிற போக்கில் ஜன்னல் பக்கம் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் போனான்.

அவன் போனதும் தனசேகர் மெதுவாக ஆரம்பித்தார். "கட்டிப்போடலாம் கோகிலா. உனக்கு இது இல்லேன்னா ஆவாது. நான் பாத்துட்டுத்தானே இருக்கறேன்."

அவர் சொன்னது உண்மை, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அந்த ஜன்னல் வந்தபிறகு அவள் யார் மேலும் எரிந்து விழவில்லை. வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் போய் நிற்பாள், மூச்சு அடிவயிறு வரைக்கும் போய்வரும், அதன்பிறகுதான் மனுஷியாவாள். அது போய்விட்டால் பழையபடி மூன்று சுவருக்குள்தான் என்பது அவளுக்குத் தெரியும். இருந்தாலும் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

"இன்னிக்கு மலைக்குக் கட்டுனா நாளைக்குப் புல்லுக்குத் தனியா வருவாங்க. ஏழு மாசம் என்ற கையில பண்ணுனதை நானே போய் வெலைக்கு வாங்கறதா? வேண்டவே வேண்டாமுங்க."

முதல் தேதி வியாழக்கிழமை. லைனில் பாதிப் பேர் லீவு போட்டுவிட்டு ஏழாம் நம்பரில் வந்து நின்றார்கள். சரியாகப் பத்து மணிக்கு மலை அழிந்தது. பிறகு ஏரி. புல்லை ஒன்று விடாமல் துடைத்தார்கள். கடைசியில் வானமும் போய், காற்று நின்றுபோய், ஜன்னலுக்கு வெளியே வெள்ளையாக ஒன்றும் இல்லாமல் இருந்தது. நடுவில் பொத்தான் அளவில் எழுதியிருந்தது: வெளி, கடையில். நூர்ஜஹான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். "கட்டிரலாம்க்கா," என்றாள். தனசேகர் செல்போனைக் கையில் எடுத்துவிட்டார்.

கோகிலவாணி ஜன்னல் வழியாகக் கையை வெளியே நீட்டினாள். நீட்டி, அந்த வெள்ளையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து உருட்டிப் பார்த்தாள், ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை பார்க்கிற அதே பார்வை. இன்னொரு இடத்தில் பிடித்து உருட்டினாள். இழுத்துப் பார்த்தாள்.

"துணி இருக்குது," என்றாள். "நல்லாத்தான் இருக்குது. பிரிண்டுதான் போயிருக்குது."

செக்கிங் டேபிளில் பிரிண்ட் விழாத பீஸை யாராவது தூக்கிப் போடுவார்களா? பதினாலு வருஷத்தில் அவள் போட்டதில்லை. தனியாக எடுத்து வைப்பாள், மறுபடி அடிக்கப் போகும். அவ்வளவுதானே.

பொதுக் குளியலறைத் தரையை மேடாக்க அன்றைக்குக் காலையில்தான் ஓனர் ஒரு லோடு செம்மண் இறக்கியிருந்தார். கோகிலவாணி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போய் ஒரு சட்டி மண்ணை அள்ளிவந்தாள். ஜன்னலுக்கு வெளியே கொட்டினாள்.

தொப்பென்று சத்தம் கேட்டது.

அதன்பிறகு யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வாசலிலிருந்து ஜன்னல் வரைக்கும் ஆள் நின்றார்கள், சட்டி கைமாறிக் கைமாறி வந்தது, மண் விழுந்தது, மேடானது. மூன்றாம் நம்பர்க்காரர் பேச்சை நிறுத்திவிட்டு மண் அள்ளினார். சுமித்ரா மேடம் தன் பால்கனியிலிருந்து ஒரு கறிவேப்பிலைத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்து வரிசையில் நின்றாள். ஓனர் ராக்கியப்பன் மொபெட்டைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"என்ற மண்ணு! யாரைக் கேட்டு அள்றீங்க?"

"உங்க செவுத்துக்கு அந்தப் பக்கந்தானுங்க கொட்டறோம்."

அவர் ஜன்னலில் தலையை விட்டுப் பார்த்தார். மண்மேடு வெள்ளைக்குள் போய்க்கொண்டே இருந்தது. தன் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பது யாருடைய இடமாக இருக்க முடியும் என்று யோசித்தார். முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப மட்டமாக் கொட்டுங்க. மேடும் பள்ளமுமாப் போட்டு வைக்காதீங்க," என்று அதட்டிவிட்டு இன்னொரு லோடுக்குப் போன் போட்டார்.

பன்னிரண்டு மணிக்கு நிரஞ்சன் கூப்பிட்டான். குரல் பதறியது. "மேடம், உங்க ஜன்னலுக்கு வெளிய என்னமோ இருக்குன்னு காட்டுது. அப்படி ஒரு பொருளே எங்க பட்டியல்ல இல்ல."

"மண்ணுன்னு எழுதிக்கங்க தம்பி."

"கடைல இல்லாததை வைக்கக் கூடாது மேடம். எடுக்கலன்னா கணக்கையே மூடிருவாங்க. ஜன்னலும் போயிரும். நிஜமாத்தான் சொல்றேன்."

"நீங்க எதுக்குச் சிரமப்படறீங்க? நாங்களே மூடிக்கறோம்," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, யாரும் தடுக்கும் முன்னே ஜன்னல் சட்டத்தில் காலைத் தூக்கிப் போட்டு அந்தப் பக்கம் இறங்கினாள். பாதம் மண்ணில் புதைந்தது. கணுக்கால் வரைக்கும் குளிர்ச்சியாக இருந்தது. சுற்றிலும் வெள்ளை, அவள் நிற்கிற இடம் மட்டும் சிவப்பு.

"ஏனுங்க, சந்தாவை நிறுத்துங்க," என்றாள் அங்கிருந்து.

தனசேகர் ஜன்னலோரம் ஓடிவந்தார். "மொதல்ல நீ உள்ள வந்துரு. நிறுத்துன ஒடனே ஜன்னல் போயிருச்சுன்னா? நீ அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

"உள்ள வந்துட்டு நிறுத்துனா, போனாப் போவட்டும்னு விட்ட மாதிரி ஆயிரும். இது போவக்கூடாது. நான் பண்ணுனது, நான் நிக்கறேன். நிறுத்துங்க."

அவர் அவளைப் பார்த்தார். பதினெட்டு வருஷமாகக் குடித்தனம் செய்கிறவர், அந்த முகத்துக்கு மேலே பேச்சில்லை என்பது அவருக்குத் தெரியும். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழுத்தினார். உறுதியா என்று கேட்டது. உறுதியா என்று மறுபடியும் கேட்டது. மயில் விளக்கு இலவசமாகத் தருகிறோம், இருக்கிறீர்களா என்று கேட்டது. எதற்கும் அசையாமல் அழுத்திக்கொண்டே போனவர் கடைசிக் கட்டத்தில் நின்றார்.

"கோகிலா, எதுக்கு நிறுத்தறீங்கன்னு காரணம் கேக்குது. எழுதாம விடாது போலிருக்கு. என்னன்னு போட?"

அவள் குனிந்து மண்ணை மட்டம் பண்ணிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எனக்கு இங்க சோலி கெடக்குதுன்னு போடுங்க."

போட்டார். அழுத்தினார். திரை கறுத்தது. வீட்டுக்குள் நின்ற அத்தனை பேரும் சுவரைப் பார்த்தபடி நின்றார்கள், நூர்ஜஹான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள், ராக்கியப்பன்கூட வாய்க்குள் சாமி பேரைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜன்னல் வழியாக மண் ஒட்டிய ஒரு கை உள்ளே நீண்டது.

"எல்லாரும் பாத்துட்டே நின்னா எப்படி? அடுத்த சட்டியக் குடுங்க."